மூலை முனி வழிவிட்ட கதை

பாக்கார் ஆராங்கில் மூலை வீட்டுச் சீனிவாசகத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. நாலு பேரிடம் பேசி, நாலு நாள் நடந்து முடிக்க வேண்டிய காரியத்தை ஒரே பொய்யில் முடித்துவிடுவார். கையுறைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தபோது, பின்படிக்கட்டில் ஒளிந்து புகை பிடிப்பவர்களைத் துரத்திக்கொண்டிருக்க அவருக்குப் பொறுமையில்லை. பழைய சோப்பு டப்பா ஒன்றுக்குக் கறுப்புச் சாயம் அடித்து விட்டத்தில் ஒட்டினார். கேமரா என்று நம்பி ஆட்கள் ஒழுங்காக வேலை பார்த்தார்கள். அவர் வீட்டு வாசலில் இன்றும் ‘நாய் ஜாக்கிரதை’ பலகை தொங்குகிறது. நாய் கிடையாது. சீனிவாசகத்துக்கு நாயென்றால் பயம்.

அவர் சொன்னதிலேயே பெரிய பொய், வீட்டுக்குப் பக்கத்தில் அவருக்கிருந்த காலி நிலத்தில், சாலையோர மூலையில் உட்கார்ந்திருந்தது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த மூலையில் தாமான் குடியிருப்பே குப்பை கொட்டியது. டுரியான் தோல், கிழிந்த மெத்தை, ஒருநாள் ஒரு கழிப்பறைத் தொட்டிகூட வந்தது. குப்பை போடாதீர்கள் என்று தமிழிலும் மலாயிலும் எழுதி வைத்த பலகையையே எவனோ தூக்கிக்கொண்டு போனான். அப்போது அவர் மனைவி குணசுந்தரி கோலா கெத்திலில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். சீனிவாசகம், லோங்காங் என்கிற சாலையோரச் சாக்கடையை உடைத்துக் கட்டிய வேலைக்காரர்கள் விட்டுப்போன உடைந்த கல் ஒன்றை உருட்டி வந்து அந்த மூலையில் நிறுத்தினார். மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, மூன்று எலுமிச்சம்பழம் வைத்தார். மறுநாள் முதல் ஒரு காகிதம்கூட விழவில்லை.

ஊரிலிருந்து திரும்பிய குணசுந்தரி கல்லைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினாள். உள்ளே ஓடிப்போய்ச் சூடம் எடுத்து வந்தாள். அவர் அப்போதே சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். அதற்குள் எதிர்வீட்டுப் பிரேமலாவின் மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. பிரேமலா தகரக் கூரை போட்டுக் கொடுத்தாள். கல் மூலை முனி ஆனது. செவ்வாய்க்கிழமை தோறும் சுருட்டு வைத்தார்கள். புதன் காலையில் சுருட்டு இருக்காது. முனி எடுத்துக்கொண்டார் என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். சீனிவாசகம் கிணற்றடி மாதிரி குளிர்ச்சியான பின்கட்டில் நிம்மதியாகப் புகை விடுவார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் குணசுந்தரியின் முட்டி தேய்ந்தது. படுக்கையறை மேல்மாடியில். ஒவ்வொரு நாளும் கைப்பிடியைப் பிடித்து, பக்கவாட்டில் நண்டு மாதிரி, பதினாலு படி ஏறுவாள். மேலே படுத்திருக்கும் சீனிவாசகத்துக்கு ஒவ்வொரு படியிலும் அவள் மூச்சு வாங்குவது கேட்கும். பக்கத்து நிலத்தில் ஒரு சின்ன வீடு கட்டிவிடுவது என்று முடிவு செய்தார். ஒரு அறை, குளியலறை, வாசலில்கூடப் படி கிடையாது. நகராண்மைக் கழகத்துக்கு ஏழு முறை நடந்து அனுமதியும் வாங்கினார். வாழ்க்கையில் அவர் பொய் சொல்லாமல் முடித்த முதல் காரியம் அது.

அம்மாசி மண் தோண்டும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு வந்து சாலையில் நிறுத்தினான். பழைய ரம்புத்தான் அடிமரத்தைப் பிடுங்க வேண்டும், நிலத்தை மட்டம் செய்ய வேண்டும். ஒரு பக்கம் மின்கம்பம், இன்னொரு பக்கம் சாக்கடைத் தொட்டி. வண்டி உள்ளே போக ஒரே வழி அந்த மூலைதான். அங்கே முனி.

“கொஞ்சம் நவுத்தி வச்சிட்டுப் போலாம் அம்மாசி.”

“அண்ணே, எனக்கு ரெண்டு புள்ளைங்க லா. நா தொட மாட்டேன்.”

பிரேமலா வந்துவிட்டாள். “பூ போட்டுக் கேட்டுடலாம்ணே. அவரு சரின்னா யாருக்கும் பயமில்ல.”

வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் சம்மதம். குணசுந்தரி கண்ணை மூடி எடுத்தாள். சிவப்பு. சீனிவாசகம் மூன்று முறை கேட்பதுதான் முறை என்று அந்த நிமிஷமே ஒரு முறையைக் கண்டுபிடித்தார். மூன்று முறையும் சிவப்பு. தான் மஞ்சள் பூசிய கல் தனக்கே மறுப்புச் சொன்னதில் அவருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

குணசுந்தரி பொட்டலத்தைக் கீழே வைத்தாள். “வேணாங்க. அவருக்கு இஷ்டமில்ல. நா மாடி ஏறிக்கறேன். பன்னெண்டு வருஷமா செவ்வாக்கெழமயானா ஒம்போது சுத்து சுத்தறேன். எப்பவாச்சும் முட்டிய பாக்காமயா போயிடுவாரு?”

ஒம்போது சுத்து என்றதும் சீனிவாசகம் அவள் முட்டியைப் பார்த்தார். தேய்ந்த முட்டியோடு அவள் சுற்றியதெல்லாம் லோங்காங் கல்லை.

“குணா, அது சாமி இல்ல. லோங்காங் ஒடச்ச கல்லு. குப்ப போடறாங்கன்னு நாந்தான் மஞ்ச பூசி வச்சேன்.”

பிரேமலா முந்திக்கொண்டு சொன்னாள்: “வீடு கட்டற ஆசையில வாய்க்கு வந்தத பேசாதீங்கண்ணே. எம் மகளுக்கு எடம் குடுத்தவரு அவரு.” அம்மாசி வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டான். “இன்னொரு தடவ இப்பிடி பேசினா நா கெளம்பிடுவேண்ணே.” முப்பது வருஷம் பொய் சொல்லி எல்லோரையும் நம்பவைத்த மனுஷன், முதல் தடவையாக உண்மையைச் சொன்னார். ஒருவரும் நம்பவில்லை.

குணசுந்தரி மட்டும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப சுருட்டு?”

சீனிவாசகம் தரையைப் பார்த்தார்.

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நொண்டி நொண்டிக் கல்லருகே போனாள். “அந்தப் பக்கம் புடிங்க,” என்றாள். பிரேமலா வாயைப் பொத்திக்கொண்டாள். புருஷனும் பெண்டாட்டியுமாகக் கல்லைத் தூக்கிச் சுவரோரம் வைத்தார்கள். அம்மாசி கல்லைக் கும்பிட்டுக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வண்டியை உள்ளே விட்டான்.

நான்கு நாள் குணசுந்தரி அவரிடம் பேசவில்லை. சோறு போட்டாள், பேசவில்லை. வேலை முடிந்து அம்மாசி போன மறுநாள் காலை, காலியான மூலையில் ஒரு கிழிந்த மெத்தையும் உடைந்த மின்விசிறியும் கிடந்தன. அவள் ஜன்னல் வழியே பார்த்தாள்.

“கொண்டு போயி வைங்க.”

“வெறும் கல்லுதானே குணா.”

“கல்லுதான். லோரி வர எடம் விட்டு ஓரமா வைங்க. மஞ்ச நானே பூசறேன். இனிமே செவ்வாக்கெழம நீங்க சுத்துங்க. ஒம்போது. சுருட்டுல கைய வைக்கக் கூடாது.”

அந்தச் செவ்வாய் சாயங்காலம் சீனிவாசகம் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சுற்றினார். சரளை உள்ளங்காலைக் குத்தியது. மட்டம் செய்த நிலத்தில் அறைக்கும் குளியலறைக்கும் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது. தான் உருட்டி வந்த கல்லிடம் என்ன கேட்பது என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. நாலாவது சுற்றில் இரண்டு பக்கமும் பார்த்தார், யாருமில்லை. “அவ முட்டிய பாத்துக்க,” என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் அதையே சொன்னார்.

சமையலறை ஜன்னலிலிருந்து குணசுந்தரியின் குரல் வந்தது. “எத்தன ஆச்சு?”

“இதோட ஒம்போது,” என்றார் சீனிவாசகம். அது பதினேழாவது சுற்று.