மாத்திரைக் கிண்ணம்

கொரோனா காலத்தில் நான் புதுப்பட்டினத்தில் மகளிர் குழுக் கடன் வசூலித்துக்கொண்டிருந்தேன். அந்தக் குழுவில் ஒரு அம்மா செவ்வாய்தோறும் தவறாமல் தவணை கட்டுவார். மாமல்லபுரத்தில் அவர் அறை துடைத்த ஹோட்டலை மூடிவிட்டார்கள். அங்கே கொடுத்த நீலச் சட்டையைப் புடவைமேல் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக மீன் விற்றார்.

வந்த காசை அஞ்சறைப்பெட்டியில் பிரித்து வைப்பார். ஒரு கிண்ணம் அரிசிக்கு, ஒன்று கேஸுக்கு, ஒன்று புருஷனின் சர்க்கரை மாத்திரைக்கு, ஒன்று எங்கள் தவணைக்கு. தவணைக்குக் குறைந்தால் அரிசிக் கிண்ணத்தில் கை வைப்பார். மாத்திரைக் கிண்ணத்தைத் தொடவே மாட்டார்.

"அது அவுரு உசுரு சார்" என்பார்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன புருஷன் கொரோனாவில் அங்கேயே இறந்துபோனார். அடுத்த செவ்வாய் வாசலில் தயங்கி நின்று, "இந்த வாரம் வேணாம்மா" என்றேன்.

அவர் பெட்டியைத் திறந்து தவணைக் கிண்ணத்தையும் மாத்திரைக் கிண்ணத்தையும் என் முன்னால் கவிழ்த்தார்.

"ரெண்டு தவணையா எடுத்துக்கோ சார். மாத்திரைக் காசு சும்மாதான கீது."

எடுத்து எண்ணினேன். நோட்டுகளில் மஞ்சள் வாசம் அடித்தது. தவணை அட்டையில் இரண்டு கட்டத்திலும் கையெழுத்துப் போட்டேன்.

வாராவாரம் அப்படியே கட்டினார். குழுவிலேயே முதலில் கடனை அடைத்தவர் அவர்தான். நல்ல வசூல் என்று ஆபீசில் என்னைத் தட்டிக்கொடுத்தார்கள்.