மெர்சியின் குளிர் அறை

போத்தனூரில் ஓர் ஐஸ்கிரீம் கிடங்கு. அதன் குளிர் அறையில் பெட்டி அடுக்குகிறவர் மெர்சி. வயது ஐம்பதை நெருங்குகிறது. மற்றவர்கள் தட்டிக்கழிக்கும் இந்த வேலையை அவராகவே கேட்டு வாங்கினார். கதவு திறந்து வெண்புகை முகத்தில் அடித்ததும் அவருக்கு வால்பாறை வந்துவிடும். தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர்களின் லயன் வீடு, மூடுபனிக்குள் அம்மாவின் கூடை மட்டும் நகரும் காலை, செருப்பில்லாமல் பள்ளிக்கு ஓடிய சிவந்த கால்கள். அந்த லயன் இப்போது இடிந்து கிடக்கிறது. அவருக்கு மிச்சமிருக்கும் மலை இந்த அறைதான்.

"எங்க மலை ரத்தத்துல குளிரு ஏறாதுங்க" என்பார். சூப்பர்வைசர் சஹீரும் நம்பினார்.

சென்ற கோடையில் மகளுக்குப் பிரசவம். பச்சை உடம்பில் காற்றுப் படக்கூடாதென்று ஜன்னலை அடைத்து, ஃபேனை நிறுத்தி, வெந்நீரும் பூண்டுக் குழம்புமாக மூன்று மாதம் மகளோடு மெர்சியும் வெந்தார்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாளே, கோட்டும் கையுறையும் போட்டிருந்தும் பல் தந்தியடித்தது. பெட்டி கைநழுவி விழுந்தது.

"என்னங்கக்கா, மலை எறங்கிருச்சுங்களா?" என்று சிரித்த சஹீர், நடுக்கத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். "நாளையிருந்து வெளிய பில் போட உக்காந்துக்கங்க. சம்பளம் அதேதானுங்க."

"அந்த வெக்கையிலயா? கொஞ்ச நாள் பொறு கண்ணு."

"உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா முதலாளி என்னைய ஐஸ்ல வெச்சுப்போடுவாருங்க. மாசக் கடைசி வரைக்கும் பாப்பம்."

அன்று மாலையே மெர்சியைப் பரிசோதித்த டாக்டரம்மா விளக்கினார். பனிப் பிரதேசங்களில் தலைமுறைகளாக வாழ்கிறவர்களுக்கு உடம்பே கூடுதல் சூட்டை உண்டாக்கும். மெர்சிக்கு இருந்தது அதல்ல; தினமும் குளிரில் நின்று நின்று நடுக்கம் குறைந்த பழக்கம். மூன்று மாத வெக்கையில் அது கலைந்துவிட்டது.

மெர்சியின் முகம் வாடியது. "அப்ப வால்பாறை எங்கிட்ட இல்லீங்களா?"

"பழகுனா தாங்குற சக்தி திரும்ப வரும்மா. மொதல்ல கொஞ்ச நேரம் போங்க, வெளிய வந்து சூடாகிட்டு மறுபடி போங்க."

அப்படியே செய்தார். முதல் வாரம் விரல்கள் வெளுத்து வலித்தன. பிறகு வலி மட்டுப்பட்டது, நடுக்கமும் தள்ளித் தள்ளி வந்தது. மாதம் முடியும் முன்பே ஒரு காலையில் முழு வரிசையையும் நடுங்காமல் அடுக்கி முடித்தார்.

சஹீர் கதவிடுக்கில் தலையை நீட்டினார். "பில் போட உங்களுக்குப் பதிலா ரூபினாவ உக்கார வெச்சுட்டேனுங்கக்கா."

"சந்தோசம். கதவச் சாத்து கண்ணு, குளிரு வெளிய போவுது."