விரிப்புக்குக் கீழே

என்னிடம் ஒரு பழைய படம் இருக்கிறது. சின்ன காஞ்சிபுரத்துப் பள்ளி ஒன்றின் ஆண்டு விழா மேடை. பட்டு விரிப்புப் போர்த்திய மேசை, அதன்மேல் பெட்டி பிரிக்காத கீபோர்டு. ஒரு பக்கம் பட்டுக்கடை முதலாளி, மறுபக்கம் தலைமையாசிரியர், ஓரத்தில் பாட்டு டீச்சர். விரிப்பின் விளிம்புக்குக் கீழே இரண்டு மிதிகட்டைகள் தெரிகின்றன. ஊர்க்காரர்கள் பார்த்தால் தறி என்பார்கள். அது தறியல்ல, மேசையும் அல்ல. காலால் மிதித்து வாசிக்கும் ஆர்கன்.

யார் எப்போது கொடுத்தது என்று பள்ளியில் எவருக்கும் தெரியாது. உள்ளே காற்றடிக்கும் தோல் துருத்தி கிழிந்திருந்தது. டீச்சர் சைக்கிள் டியூப் துண்டுகளை ஒட்டி ஓட்டிக்கொண்டிருந்தார். கால் எட்டாத பிள்ளை வாசிக்கும்போது இன்னொருத்தி தரையில் உட்கார்ந்து மிதிகட்டையைக் கையால் அழுத்துவாள். ஒரு கட்டத்தில் ஒட்டுப் போடவும் இடமில்லாமல் போயிற்று. ஆண்டு விழாவுக்குள் சரிசெய்யாவிட்டால் பழைய இரும்போடு போட்டுவிடுவதாகத் தலைமையாசிரியர் சொல்லிவிட்டார்.

டீச்சர் பட்டுக்கடைக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன், எங்கள் பத்திரிகையின் தீபாவளி மலருக்கு விளம்பரம் கேட்டு. துருத்திக்குப் புதுத் தோல் போட்டுத் தரும்படி அவர் கேட்டார். முதலாளி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தோலு உள்ளாற இருக்குதுன்றியேம்மா, என் பேர எங்க எழுதுவ?" என்றார்.

"பசங்க வாசிக்கறப்பெல்லாம் உங்க பேர சொல்றேங்க."

"பாட்டுக்கு நடுவுல விளம்பரமா? வேணாம்மா. புதுசா கீபோர்டு வாங்கித் தர்றேன். மேல பெருசா உபயம்னு எழுதிக்க."

நான் விளம்பரத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

விழாவன்று மேடைக்கு மேசை கிடைக்கவில்லை என்று ஆர்கனையே தூக்கி வைத்து விரிப்பைப் போட்டார்கள். நான் படம் எடுத்து முடித்ததும் டீச்சர் என்னைத் தனியாக அழைத்தார். "கீபோர்டு பீரோவுக்குப் போயிடும் சார். துருத்தியப் பத்தி மூணு வரி எழுதுங்க, யாராவது பார்த்துட்டு வருவாங்க." பார்க்கிறேன் என்றேன். பத்திரிகையில் கொடுத்ததைத்தான் போடுவார்கள், கேட்டதைப் போடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். எழுதிப் பார்க்கவும் இல்லை.

அந்தக் கோடை விடுமுறையிலேயே ஆர்கன் பழைய இரும்போடு போய்விட்டது.

போன மாதம் முதலாளியின் மகன் அதே பள்ளிக்கு இன்னொரு கீபோர்டு கொடுத்தார். அப்பா கொடுத்தது பீரோவில் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாமல் இருந்தது; பழுதானால் எடுத்தவர்தான் பொறுப்பு என்பதால் யாரும் தொடவில்லையாம். ஓய்வு பெற்று ஓரிக்கையில் இருக்கும் டீச்சரையும் அழைத்திருந்தார்கள். எல்லாரோடும் சேர்ந்து கைதட்டினார். இறங்கிப் போகும்போது, "இன்னும் போட்டோ எடுத்துக்கினுதான் இருக்கீங்களா சார்?" என்றார். குரலில் கேலி இல்லை. ஆமாம் என்றேன்.

வீட்டுக்கு வந்து பழைய படத்தையும், அது அச்சில் வந்த பத்திரிகைத் துண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். அச்சில் மிதிகட்டைகள் இல்லை. முதலாளியின் முகம் பெரிதாக வரவேண்டும் என்று, விரிப்புக்குக் கீழே இருந்ததை வெட்டி அனுப்பியது நான்தான்.