அக்கா அறை வாசலில் எழுதிய அளவு

இந்த நினைவு மலரை வாங்கியதும் முதலில் அட்டைப் படத்தைத்தான் பார்த்திருப்பீர்கள். அக்கா சிரிக்கும் படம். அதைத் தேடி எடுக்க எங்களுக்குச் சிரமமே இல்லை. மற்ற படங்களில் எல்லாம் அவர் காதில் போன் இருந்தது. யார் எழுதுவது என்பதில்தான் சிரமம் வந்தது. அத்தான் எழுதினால் நான்கு வரியில் முடித்துவிடுவார். அக்கா மகள் எழுத உட்கார்ந்து, முதல் வரி முடிவதற்குள் எழுந்து போய்விட்டாள். கடைசியில், வீட்டில் வேறெதற்கும் உதவாதவன் என்ற தகுதியில் பொறுப்பு என்னிடம் வந்தது. உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

காரியாபட்டிப் பக்கம், மழையை நம்பி விதைக்கிற ஒரு சிற்றூரில் அக்கா மூத்தவராகப் பிறந்தார். நான் கடைக்குட்டி. எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே அம்மா போய்விட்டதால் என்னை இடுப்பில் வைத்து வளர்த்தவர் அக்கா. "ஒன்னயத் தூக்கித் தூக்கித்தாம்லே எனக்கு லோடு ஏத்துற தொழிலே கைவந்துச்சு" என்பார். அத்தானைக் கைப்பிடித்து விஸ்வநத்தம் வந்தார். அத்தானுக்குச் சூலக்கரையில் அரசு அலுவலக வேலை. அவர் காலையில் பஸ் ஏறிப் போனதும், அக்கா ஒரு பட்டாசு ஆலைக்குக் கணக்கு எழுதப் போவார். கணக்கு எழுதியவருக்கு ஆலையின் மூலை முடுக்கெல்லாம் பிடிபட்டது. "நாமளே ஒண்ணு போட்டா என்ன?" என்று ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாராம். அத்தான், "ரசம் ஊத்து" என்றாராம். அது சம்மதம் என்று எடுத்துக்கொண்டதாக அக்கா சொல்வார்.

உரிமத்துக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, இரண்டாயிரமாம் ஆண்டுத் தொடக்கத்தில் பூச்சட்டியும் தரைச்சக்கரமும் செய்யும் சிறிய ஆலையைத் தொடங்கினார். நான் மேலாளர். மேலாளர் என்றால், அக்கா சொல்வதைப் போர்மேனிடம் சொல்வது. போர்மேன் அதை ஏற்கெனவே செய்து முடித்திருப்பார்.

ஆலை வளர்ந்தது. அக்கா தேய்ந்தார். நின்றுகொண்டே சாப்பிடுவார். நடந்துகொண்டே தலை சீவுவார். என் கல்யாண வீடியோவில் நான் தாலி கட்டும் நேரம், நாதஸ்வரத்தையும் மீறி அக்கா குரல் கேட்கும்: "லோடு ஏறியாச்சா?" என் மனைவி பிற்பாடு அடிக்கடி அதைப் போட்டுக் காட்டி, "ஏறியாச்சு மதினி, எறக்கத்தான் முடியல" என்பாள். தாலி கட்டும் நேரம் அதைக் கேட்டு எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்ததாக நினைத்தோம். வீடியோவைத் திரும்பப் பார்த்தால், அவர் சிரிக்கவில்லை. மறுமுனையில் ஆள் பேசுவதற்காகக் காத்திருக்கிறார்.

ஒரு கோடையில், ஆட்கள் டீ குடிக்க வெளியே வந்திருந்த நேரம், பூச்சட்டிக்கு வெடிமருந்து கலக்கும் அறை பற்றிக்கொண்டது. எங்கள் வட்டாரத்து ஆலைகளில் ஒவ்வோர் அறை வாசலிலும் பெயிண்டால் எழுதியிருக்கும்: உள்ளே இத்தனை ஆள், இவ்வளவு மருந்து. அதற்கு மேல் ஓர் ஆளும் கூடாது, ஒரு கை மருந்தும் கூடாது. கலந்த மருந்தை மறுநாளுக்கு மிச்சம் வைக்கவும் கூடாது. அக்கா அதில் ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை. அதனால் நெருப்பு அந்த ஓர் அறையோடு நின்றது. கூரை போனது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

போர்மேன் ஓடிவந்து, "யக்கா, ஆளுக எல்லாம் வெளிய இருக்காக. தப்பிச்சோம்க்கா" என்று அழுதார். அக்கா, "சரி. நாளைக்கு லாரி எத்தன மணிக்கு?" என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டில் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார். "ஏலே, அம்புட்டுப் பேரும் பொழச்சிருக்காக. எனக்குச் சந்தோசமே வரலலே. பயமும் வரல. ஒண்ணுமே வரல. எனக்கு என்னலே ஆச்சு?"

எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பவன் நான். அன்று எழுந்து போய் அத்தானைக் கூப்பிட்டு வந்தேன்.

மறுநாள் அக்கா படுக்கையை விட்டு எழவில்லை. விருதுநகரில் ஒரு டாக்டர் எல்லாச் சோதனையும் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒடம்பு நல்லாருக்கும்மா. நீங்கதான் தீந்து போயிருக்கீங்க" என்றார். சொந்தக்காரர்கள் கண்ணேறு என்றார்கள். இருக்கன்குடி கோயில் விபூதி வந்தது. யாரோ ஆட்டுக்கால் சூப் என்றார்கள், அதையும் வைத்தோம், பெரும்பகுதியை நான் குடித்தேன். அத்தானோ நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, அக்காவைக் காரியாபட்டிப் பக்கம் எங்கள் பழைய வீட்டுக்குக் கூட்டிப் போனார். போனதும் முதல் வேலையாக அக்காவின் செல்போனை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தார்.

இங்கே ஆலை என் கையில். நான் விடாமல் போன் அடிப்பேன். அரிசிக்குள்ளிருந்து மணி கேட்டு, அத்தான் எடுப்பார்.

"அத்தான், பூச்சட்டி லேபிளு செவப்பா, மஞ்சளா? அக்காட்டக் கேட்டுச் சொல்லுங்க."

"மாப்ள, எந்தக் கலரு ஒட்டினாலும் எரியும். வைங்க."

நான் மஞ்சளை ஒட்டினேன். ஆலை மூழ்கிப் போகவில்லை என்பது எனக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

அக்கா முதலில் தூங்கினார். தூங்கித் தீர்ந்த பிறகு வேப்பமரத்தடியில் சும்மா உட்கார்ந்தார். கைக்கு வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பது அவருக்கு எவ்வளவு பாடாக இருந்தது என்பதை, புல்லைப் பிடுங்கிப் பிடுங்கி அவர் காலடி மொட்டையானதில், பார்க்கப் போனபோதெல்லாம் தெரிந்துகொண்டோம். பிறகு பக்கத்து வீட்டு ஆடுகளை யார் எந்த நேரம் மேய்ப்பது என்று ஷிப்டு பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தார். குணமாகிவிட்டார் என்று கூட்டி வந்துவிட்டோம். அது எங்கள் அவசரம். தீபாவளி சீசன் சூடு பிடித்ததும், பழையபடி நின்றுகொண்டு சாப்பாடு, நடந்துகொண்டு தலைவாரல். அத்தான் என்னிடம், "மாப்ள, மறுபடி அந்த மொகம் வருது" என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரம் அறை வாசல்களில் அழிந்துபோன எழுத்தைப் புதுப்பிக்கப் பெயிண்டர் வந்திருந்தார். எனக்குப் புத்தி எப்போதும் குறுக்கேதான் போகும். அக்கா உட்காரும் ஆபீஸ் அறையைக் காட்டி, "இதுக்கும் எழுதுங்க" என்றேன். நான் சொல்லச் சொல்ல, அவர் சிரிக்காமல், அரசாங்க எழுத்தில் எழுதினார்:

ஆள்: 1
போன்: 1
கவலை: அன்றன்று செலவாகும் அளவு மட்டும். இரவில் மிச்சம் வைக்கக் கூடாது.

அக்கா வந்தார். வாசலில் நின்று படித்தார். ஆட்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"யாருலே இத எழுதுனது?"

"பெயிண்டருதான்க்கா."

"எழுதச் சொன்னது?"

"மேலிடம்."

"மேலிடம்னா?"

"அரிசிப் பான."

அக்கா சிரித்தார். சிரித்துச் சிரித்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவர் அழ ஆரம்பித்தார். போர்மேனைக் கூப்பிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு நீங்கள்லாம் செத்திருப்பீகளேய்யா" என்றார். தீப்பிடித்து எத்தனையோ நாள் கழித்து, அந்தப் பயமும் அந்தச் சந்தோசமும் அன்றுதான் அவரிடம் வந்து சேர்ந்தன. போர்மேன், "அதான் சாகலயேக்கா" என்று சொல்லிச் சொல்லி அழுதார். நானும் அழுதேன். பெயிண்டர் மட்டும், "மேடம், சாயாதீக, பெயிண்டு ஈரம்" என்றார்.

கேலிக்கு எழுதியதை அக்கா சட்டமாக எடுத்துக்கொண்டார். சீசனுக்காக வாங்கியிருந்த இரண்டாவது போனை அத்தானிடம் கொடுத்தார். அது எங்கே போயிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கேட் சாவி போர்மேனிடம் போனது. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் அக்கா ஆலைக்கு வரமாட்டார். தீபாவளி கழிந்ததும் ஒரு மாதம் அவரும் அத்தானும் ஊர் ஊராகப் போவார்கள். சீசன் நேரத்தில் வியாபாரிகள் கூடுதல் ஆர்டர் கேட்டுக் கெஞ்சினால், "ரூம்ல எடமில்ல அண்ணாச்சி. அளவு எழுதிப் போட்டிருக்கு" என்பார். "எந்த ரூம்ல?" என்று அவர்கள் கேட்டால், "நான் இருக்கிற ரூம்லதான்" என்பார். சிலர் வேறு ஆலைக்குப் போனார்கள். போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். வராதவர்களைப் பற்றி அக்கா பேசியதில்லை. அட்டையில் இருக்கும் படம், அப்படி ஒரு வெள்ளிக்கிழமை அக்கா மகள் எடுத்தது.

வேலைதான் அக்காவைக் கொன்றுவிட்டது என்று சாவு வீட்டில் சிலர் பேசிக்கொண்டார்கள். அது உண்மையல்ல என்பதையும் இங்கே பதிந்துவிடுகிறேன். வயிற்றில் வந்த நோய் யாரிடமும் உரிமம் கேட்டு வரவில்லை. அக்கா தன் வாழ்நாளைக் கூட்டிக்கொள்ளவில்லை. இருந்த நாட்களில் உட்கார்ந்து சாப்பிட்டார், அவ்வளவுதான். அப்படிப்பட்ட நாட்களை அந்த நோய் எனக்கு இன்னும் கொஞ்சம் விட்டுவைத்திருக்கலாம்.

மதுரை ஆஸ்பத்திரியில் கடைசி நாட்கள். வெளியே சீசன் கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா ஆலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாகவே, "லோடு எல்லாம் சரியாப் போகுதுக்கா" என்றேன். கண்ணைத் திறந்து பார்த்தார்.

"சாப்ட்டியாலே?"

"சாப்ட்டேன்."

"உக்காந்து?"

"உக்காந்து."

அது பொய். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

நோய்க்காலத்தில் இரவு பகல் பாராமல் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், தூக்குவாளியில் கஞ்சியோடு மதுரைக்குப் பஸ் ஏறி வந்த உறவுகளுக்கும், சீசன் நடுவே ஆலையை மூடிவிட்டு வந்து அக்காவைத் தோளில் சுமந்த எங்கள் ஆலைத் தோழர்களுக்கும், அத்தனை நாளும் சரக்குக்காகக் காத்திருந்த வியாபாரிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அத்தானுக்கு நன்றி சொன்னால் "ரசம் ஊத்து" என்பார். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் பெயிண்டர் வந்திருந்தார். எல்லா அறைகளையும் முடித்துவிட்டு, இப்போது நான் உட்கார்ந்திருக்கும் அறை வாசலில் தூரிகையோடு நின்றார்.

"சார், இதையும் புதுசா எழுதிரவா? ஆளு ஒண்ணுன்னே இருக்கட்டுமா?"

இருக்கட்டும் என்றேன். அளவு சரிதான். ஆனாலும் இந்த அறையில் ஓர் ஆள் குறைகிறது.