அக்காவுக்கு வேண்டாத தனியறை

அக்காவும் நானும் குவீன்ஸ்டவுனில் ஒரே வீட்டில் இருக்கிறோம். இரண்டு பேருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்த அக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது. ஆறு வயது இளையவளான நான் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். வேலையை விட்டபின் உடம்பு வீட்டில் இருக்கப் பழகிக்கொண்டது. மனசு இன்னும் பழகவில்லை. எட்டு மணிக்கே உடுத்திக்கொண்டு, போக இடமில்லாமல் நிற்பேன்.

போன வருஷம் காப்புறுதியைப் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது அந்தத் தவிப்புக்கு ஒரு வேலை கிடைத்தது.

இந்த ஊரில் எல்லோருக்கும் அரசாங்கத்தின் அடிப்படை மருத்துவக் காப்புறுதி உண்டு. விருப்பப்பட்டால் அதற்கு மேல் தனியார் திட்டம் ஒன்றையும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம். எங்கள் இருவரிடமும் இருந்தது மேல்மட்டத் திட்டம். தனியார் மருத்துவமனை, தனியறை, நாம் கேட்கிற டாக்டர். வயது ஏற ஏற அதன் சந்தாவும் ஏறும். மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து ஒரு பங்கைத்தான் கட்டலாம், மிச்சத்தைக் கையிலிருந்து கொடுக்க வேண்டும். அந்த மிச்சம் இந்த முறை எங்கள் இருவரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது.

எங்கள் காப்புறுதி முகவர் எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர்தான், ஐம்பது வயதுப் பெண்மணி. தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்தித்தோம். ஞாயிற்றுக்கிழமை. வெளியே நடைபாதை முழுக்க விடுமுறை நாளைக் கழிக்க வந்த வெளிநாட்டு ஊழியர்கள், ஆளுக்கொரு கைப்பேசியில் ஊரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். முகவர் தோசையைத் தள்ளி வைத்துவிட்டு விளக்கினார்.

"ஆண்டி, கீழ இறங்குறது ஈஸி. ஆனா திரும்ப மேல வரணும்னா ஹெல்த் எல்லாம் டிக்ளேர் பண்ணணும். இந்த வயசுல அவங்க நோ சொல்லிடலாம். அதனால நல்லா யோசிச்சு செய்யுங்க."

அக்கா யோசிக்கவே இல்லை. "எனக்குத் தனியார் திட்டமே வேண்டாம்மா. அடிப்படை மட்டும் போதும்."

"அக்கா!" என்றேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"என்ன அக்கா? ஒடம்பு என்னோடது தானே?"

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சமூக மன்றத்தில் நடந்த காப்புறுதி விளக்கக் கூட்டத்துக்குப் போனேன். அங்கே பேசியவர் இறங்கலாம் என்பது போலவும் சொன்னார், இறங்காதீர்கள் என்பது போலவும் சொன்னார். சுவா சூ காங்கில் இருக்கும் பழைய அலுவலகத் தோழியைத் தேடிப் போனேன். தனியார் திட்டத்தை விட்டது தன் வாழ்க்கையிலேயே நல்ல முடிவு என்றாள். அவள் புருஷன் உள்ளே இருந்து, "இன்னும் வியாதி ஒண்ணும் வரலை, அதனால சொல்றா" என்று குரல் கொடுத்தார். திரும்பி வரும்போது ரயிலில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

அந்த வாரம் எங்கள் கோயில் பாடகர் குழுவில் இருந்த ஓர் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அரசாங்க மருத்துவமனை, மானிய வார்டு. நானே அக்காவை அழைத்துக்கொண்டு போனேன். அவள் கேட்கிற திட்டத்தில் எப்படிப்பட்ட இடம் கிடைக்கும் என்பதை அவள் கண்ணால் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

ஐந்து கட்டில்கள். ஒரு திரைக்குப் பின்னால் யாரோ இருமிக்கொண்டே இருந்தார்கள். இன்னொரு கட்டிலைச் சுற்றி ஒரு மலாய்க் குடும்பம் முழுக்க நின்றது. எனக்கு மூச்சு முட்டியது. சீக்கிரம் கிளம்பலாம் என்று அக்காவைத் தேடினால், அவள் எதிர்க் கட்டிலில் இருந்த சீனப் பாட்டியோடு மலாயில் பேசிக்கொண்டிருந்தாள். பாட்டியின் மூன்று பிள்ளைகள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்பதுவரை அதற்குள் தெரிந்துகொண்டிருந்தாள்.

பேருந்துக்காக நிற்கும்போது, "பாத்தல்ல?" என்றேன்.

"பாத்தேன். நல்லாத்தான் இருக்கு."

"எது நல்லா இருக்கு? அந்த இருமலா?"

அக்கா பையிலிருந்து பேருந்து அட்டையை எடுத்தாள். பிறகு சொன்னாள். "எனக்கு முட்டி ஆபரேஷன் பண்ணப்போ தனி ரூம்ல படுத்திருந்தேன், ஞாபகம் இருக்கா? சோபா, பெரிய டிவி, எல்லாம் இருந்துச்சு. நீ ஆபீஸ் முடிச்சு சாயங்காலம் வருவ. அதுவரைக்கும் கதவு சாத்தியே இருக்கும். நர்ஸ் வந்தா, மாத்திரை குடுத்துட்டுப் போயிடுவாங்க. முப்பது வருஷம் நாப்பது பிள்ளைங்க சத்தத்துலயே இருந்தவடீ நான். அந்த ரூம்ல எனக்குப் பயமா இருந்துச்சு. செத்தாக்கூட யாருக்கும் தெரியாதுன்னு தோணுச்சு. அதுக்கு நான் காசு வேற கட்டணுமா?"

இதை அவள் முன்பு சொன்னதே இல்லை. நான் அந்த அறையின் ஜன்னலையும் அமைதியையும் பார்த்துப் பொறாமைகூடப் பட்டிருக்கிறேன்.

அக்கா கையெழுத்துப் போட்டாள். நான் என் திட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டேன்.

சில மாதங்களில் அக்காவுக்குச் சாப்பிட்டபின் வலப்பக்கம் வலி வர ஆரம்பித்தது. வட்டாரத்து அரசாங்க மருந்தகமான பாலிகிளினிக்கில் பார்த்து, அரசாங்க மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். பித்தப்பையில் கல். அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், ஆனால் அவசரமில்லை, முறைப்படி தேதி வரும் என்றார்கள். தேதி தள்ளித்தான் வந்தது.

அந்தக் காத்திருப்பை அக்கா தாங்கினாள். எனக்குத்தான் முடியவில்லை. அவள் தட்டில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பேன். தொலைபேசி அடித்தால் மருத்துவமனையோ என்று ஓடுவேன். ஒருநாள் வெடித்தே விட்டேன்.

"பழைய திட்டம் இருந்திருந்தா இந்நேரம் எல்லாம் முடிஞ்சு வீட்டுல இருந்திருப்ப. வா, தனியார்லயே போய்ப் பண்ணிடலாம். என் சேமிப்புல இருந்து நான் கட்டுறேன்."

"உன் காசை நீ வெச்சுக்க. நான் வெயிட் பண்றேன்னு சொல்லிட்டேன்ல? நீ நடக்குற நடையில தரை தேஞ்சு போகப் போகுது. உக்காரு லா."

உட்காரவில்லை. கீழே இறங்கி எங்கள் அடுக்குமாடிப் புளோக்கைச் சுற்றி வந்தேன்.

தேதிக்கு முன்பாகவே வலி முந்திக்கொண்டது. ஞாயிறு காலைப் பூசை முடிந்து கோயில் சாப்பாட்டுக்கூடத்தில் எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். பேசிக்கொண்டிருந்த அக்கா நடுவில் நிறுத்தினாள். அவள் பாதிப் பேச்சில் நிறுத்துகிறவள் அல்ல. முகம் வியர்த்து, மேசையை இறுகப் பிடித்துக்கொண்டாள். காய்ச்சல் அனலாகக் கொதித்தது. ஆம்புலன்ஸ் வந்து அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனது. வழியெல்லாம் நான் மாதாவைக் கூப்பிட்டேன். நடுநடுவே அந்த முகவரையும், அந்தத் தோசைக் கடையையும், அக்காவையும் திட்டினேன்.

அங்கே யாரும் எந்தத் திட்டம் என்று பார்த்துவிட்டு அவளைக் காக்க வைக்கவில்லை. பித்தப்பை வீங்கிச் சீழ் பிடித்திருக்கிறது என்று கண்டுபிடித்து உடனே மருந்து ஏற்றினார்கள். மறுநாள் அறுவை சிகிச்சை. செய்த டாக்டரை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. முடிந்ததும் அந்தப் பெண் டாக்டர் வெளியே வந்து முகக்கவசத்தை இறக்கிவிட்டு, நல்லபடியாக முடிந்தது என்று சொன்னாள். அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது போல எனக்குத் தோன்றியது. அப்போதுதான் நான் ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

நான் வார்டுக்குப் போனபோது அக்கா நன்றாக விழித்திருந்தாள். பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு ஆங்கிலம் தெரியவில்லை. அவளுக்கு என்ன வேண்டும் என்பதை அக்கா பாதி மலாயிலும் பாதி சைகையிலும் கேட்டு நர்சிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் இன்னும் கம்மியிருந்தது. ஆனால் வகுப்பு எடுக்கிற தோரணை வந்துவிட்டது.

"அவளுக்குக் குளிருதாம். இன்னொரு போர்வை கேளு."

கேட்டு வாங்கிக் கொடுத்தேன். அன்று மாலைவரை அங்கேயே நாற்காலியில் இருந்தேன். ஒருவர் மாற்றி ஒருவர் முனகினார்கள், மணி அடித்தார்கள், யாருடைய டிவியோ பாடிக்கொண்டே இருந்தது. அக்கா அதற்கு நடுவே குழந்தை போலத் தூங்கினாள். நான் அந்தக் கட்டிலில் படுத்திருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும். இரண்டுமே உண்மை என்று அப்போது எனக்குப் புரிந்தது. இத்தனை நாளும் அக்காவுக்காக என்று நான் பட்டதெல்லாம் என் பயம்தான்.

இந்த வருஷம் புதுப்பிக்கும் நேரத்தில் என் முறை வந்தது. மேல்மட்டத் திட்டத்தை இனித் தாங்க முடியாது. அடிப்படைக்கு இறங்கவும் மனமில்லை. நடுவில் ஒன்று இருந்தது. அரசாங்க மருத்துவமனையிலேயே தனியறை. நகர மையத்திலிருக்கும் முகவரின் அலுவலகத்துக்குப் போய் அதற்கு மாறிக்கொண்டேன்.

"ஷுவரா, ஆண்டி?" என்று கேட்டார்.

"ஷுவர் எல்லாம் இல்லைம்மா. குடு, கையெழுத்துப் போடுறேன்."

வெளியே வந்து ரயில் ஏறினேன். இறங்கியது சரிதானா, அடுத்த வருஷமே பெரிதாக ஏதாவது வந்தால் என்ன செய்வது என்று கணக்குப் போட்டுக்கொண்டே நின்றதில் எதிர்த்திசை ரயிலில் ஏறியிருந்ததைக் கவனிக்கவில்லை. கவனித்தபின்னும் இறங்கவில்லை. கடைசி நிலையமான பாசிர் ரிஸ் வரை போய், கடற்கரைப் பூங்காவில் தண்ணீர் ஓரமாக நடந்தேன். தூரத்தில் கப்பல்கள் நின்றன. கைப்பேசியில் அக்கா கூப்பிட்டாள்.

"எங்க இருக்க?"

"பாசிர் ரிஸ்."

"அங்க என்ன வேலை உனக்கு?"

"ஒண்ணுமில்லை. வந்துட்டேன்."

"கையெழுத்துப் போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"சரி, வர்றப்போ ரொட்டி வாங்கிட்டு வா" என்று வைத்துவிட்டாள். நான் இன்னும் கொஞ்ச தூரம் நடந்தேன்.