இடது பக்கம் வராத பேஸ்

வீட்டுக்கு ஒரு நல்ல ஹெட்போன் வாங்குவது என்று முடிவானதும் எனக்கும் என் கணவருக்கும் ஒரு வாரம் அதே பேச்சாக இருந்தது. அவருக்கு பேஸ் வேண்டும், பாட்டின் கனமான அடிச்சத்தம் நெஞ்சில் இடிக்க வேண்டும். எனக்கோ காலடிச் சத்தம் வேண்டும்.

காலடி என்றால் விளையாட்டில் வருகிற எதிராளியின் காலடி. நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். தைத்து வருகிற ஷூவின் மேல்பாகத்தில் நூல் விட்டிருக்கிறதா, தோலில் கீறல் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவது வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் என் பிரிவிலேயே வேலை செய்யும் தோழிகளோடு கம்ப்யூட்டரில் துப்பாக்கிச் சண்டை விளையாடுவேன். அவரவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, காதில் ஒருவர் குரலை ஒருவர் கேட்டுக்கொண்டு ஆடுவோம். சுவருக்கு அந்தப் பக்கம் எதிரி எங்கே நடக்கிறான் என்பதைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதில் எனக்குக் கொஞ்சம் பெயர் இருந்தது.

அந்தப் பெயர் கெட்டுப்போன ஞாயிற்றுக்கிழமையில்தான் இது ஆரம்பித்தது. அன்றைக்கு என்னைச் சுட்டவர்கள் எல்லாரும் இடது பக்கத்திலிருந்தே வந்தார்கள். ஒருத்தி கத்தினாள்: "அக்கா, லெப்ட்ல வர்றான்! தப்பு தப்புன்னு நடந்து வர்றான், காது கேக்கலயா இன்னா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போனோடு வந்த பழைய இயர்போனில்தான் கோளாறு என்று நினைத்து, அதைக் கழற்றிக் கட்டிலில் எறிந்தேன். காதுக்குள் தண்ணீர் போன மாதிரி ஒரு அடைப்பு மட்டும் இருந்தது. தலைக்குக் குளித்ததால் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை மாலை கடைத்தெருவில் நாங்கள் எப்போதும் போகிற பாய் கடைக்குப் போனோம். அவர் பொறுமைசாலி. எதை வேண்டுமானாலும் பெட்டியைப் பிரித்து மாட்டிப் பார்க்க விடுவார்.

"ஒயர் இல்லாதது வேணாம்மா," என்றார் என்னிடம். "கேமுக்கு அது லேட்டா வரும். அவன் சுட்டு நீ செத்த அப்பறந்தான் சத்தம் கேக்கும்."

"எனக்கு பேஸ் ஜாஸ்தியா இருக்கறது காட்டுங்க பாய்," என்றார் கணவர்.

"ரெண்டுக்கும் ஒத்து வர்றதா ஒண்ணு கீது." பெரிய காதுமூடி வைத்த கறுப்பு ஹெட்போன் ஒன்றை எடுத்தார். மாட்டுவதற்கு முன்பு அந்த மெத்தையை விரலால் தேய்த்துப் பார்த்தேன். அது தொழில் பழக்கம். தோல் இல்லை, ரெக்ஸின். எங்கள் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் ஒரு கோடையில் உரிந்துவிடும். அதைச் சொன்னதும் பாய் சிரித்துக்கொண்டே பாட்டைப் போட்டார்.

வலது காதில் இடி இறங்கியது. இடது காதில் தகரத்தைத் தட்டுகிற மாதிரி சன்னமாக ஏதோ வந்தது.

"பாய், லெப்ட்ல பேஸ் வர்ல."

கணவர் வாங்கி மாட்டிக்கொண்டார். தலை தானாக ஆட ஆரம்பித்தது. "நல்லாத்தானம்மா வருது? சூப்பரா கீது."

பாய் இன்னொன்று எடுத்தார். அதிலும் அப்படித்தான். வேறு கம்பெனியுடையது ஒன்று எடுத்தார். அதிலும் இடது பக்கம் தகரம்.

"இன்னாம்மா பேஜாரா போச்சு," என்றார் பாய். "சரி, திருப்பிப் போட்டுப் பாரு. எந்தப் பக்கம் உள்ள கீற ஸ்பீக்கர் வேலை செய்லன்னு தெரிஞ்சிடும்."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். திருப்பி மாட்டினேன். இதுவரை தகரமாக இருந்த மூடி இப்போது வலது காதில் இருந்தது. அதிலிருந்து இடி இறங்கியது. நன்றாக இருந்த மூடி இடது காதுக்கு வந்து தகரமாகிவிட்டது.

அவர்கள் இருவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது பரவால்ல," என்றேன். "இதையே குடுங்க."

கடையை விட்டு எப்படியாவது வெளியே போக வேண்டும் என்றுதான் இருந்தது.

கணவர் சொந்தமாக ஒரு சின்ன லோடு வண்டி வைத்திருக்கிறார். வாணியம்பாடிக்கும் ராணிப்பேட்டைக்கும் தோல் ஏற்றிப் போவார். சீட்டுக்குப் பின்னால் பெரிய பேஸ் பெட்டி ஒன்றைப் பொருத்தி வைத்திருந்தார். வண்டி கிளம்பியதும் பாட்டைப் போட்டார். நான் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். அவர் பார்க்காத நேரத்தில் வலது காதை விரலால் அழுத்தி மூடினேன்.

முதுகில் சீட்டு அதிர்ந்தது. விலா எலும்பில் அந்த இடி தெரிந்தது. காதில் மட்டும் அது கேட்கவில்லை. ஜன்னல் ஓரமாக ஒரு லாரி உரசுகிற மாதிரி போனது. அதன் சத்தம் தூரத்தில் யாரோ காகிதம் கசக்குவதுபோல இருந்தது.

"நிறுத்து," என்றேன்.

அவர் பாட்டை நிறுத்தினார்.

"வண்டிய நிறுத்து."

ஓரம் கட்டினார். "எனக்கு லெப்ட் காது கேக்கல," என்று சொன்னபோது என் குரலே எனக்கு வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

"சளியா இருக்கும்மா. எண்ணெ காச்சி விட்டா போய்டும்."

"சளி இல்ல."

எனக்கு அது எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. என் அப்பா டேனரியில் தோல் ஊறவைத்துச் சுற்றுகிற பெரிய மர உருளைகளுக்குப் பக்கத்திலேயே வேலை செய்தவர். கொஞ்சம் கொஞ்சமாகக் காது போய்விட்டது. கல்யாண வீட்டில் எல்லாரும் சிரித்தால் என்னவென்று தெரியாமலே தானும் சிரிப்பார், கொஞ்சம் பிந்தி. அந்தப் பிந்திய சிரிப்பைப் பார்த்து வளர்ந்தவள் நான். வண்டியில் உட்கார்ந்திருந்தபோது அதுதான் கண் முன்னால் நின்றது.

மறுநாள் ஞாயிறு. பக்கத்து வீட்டு அக்கா பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்தார். நான் வேண்டாம் என்றேன். போனில் தேடிப் படித்திருந்தேன். திடீரென்று காது போனால் தாமதிக்கக் கூடாது என்று படித்த இடத்திலெல்லாம் இருந்தது. அடைப்பு வந்து ஏற்கெனவே ஒரு வாரம் ஆகியிருந்தது.

திங்கள் காலையில் லீவு சொல்லிவிட்டு வேலூருக்கு பஸ் ஏறினோம். பெரிய ஆஸ்பத்திரி. காதுக்கான டாக்டர் என் வயதுப் பெண்தான். விளக்கு வைத்துக் காதுக்குள் பார்த்தார். அழுக்காவது இருக்கட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். வாழ்க்கையில் அழுக்குக்காக நான் வேண்டிக்கொண்டது அப்போது மட்டும்தான்.

"காது சுத்தமா இருக்கு," என்றார்.

ஒரு இரும்புக் கவையைத் தட்டி என் நெற்றி நடுவில் வைத்தார். "சத்தம் எந்தப் பக்கம் கேக்குது?"

"ரைட்ல."

"நடுவுல இல்லயா?"

"இல்ல, ரைட்ல."

அவர் முகத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் அதுவரை சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து எழுத ஆரம்பித்தார். வெறும் அடைப்பாக இருந்தால் இடது பக்கம்தான் கேட்டிருக்குமாம், அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கேட்கும் சோதனைக்கு என்னைத் தனி அறையில் உட்கார வைத்தார்கள். கதவைச் சாத்தியதும் உலகத்தையே வெளியே நிறுத்திவிட்டது போல் இருந்தது. தலையில் ஒரு ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் கருவியைத் திருகிக்கொண்டிருந்தார். வலது காது சுலபமாக முடிந்தது. இடது காதில் கீச்சென்ற சத்தங்கள் வந்தன. பிறகு ஒன்றுமே வரவில்லை. அவர் கை திருகுவது மட்டும் தெரிந்தது. கை அசையும்போதெல்லாம் பொத்தானை அழுத்திவிடலாமா என்று விரல் துடித்தது. அழுத்திவிட்டால் காது சரியாகிவிடும் என்பதுபோல ஒரு நினைப்பு. கண்ணை மூடிக்கொண்டேன். அந்த அமைதியில் இடது காதுக்குள்ளேயே ஒரு ஓங்காரம் கேட்டது. அது கருவியுடையதா, என்னுடையதா என்று தெரியவில்லை. வியர்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"பேஸ் மாதிரி கனமான சத்தங்கள் கேக்கறது மட்டும் இறங்கியிருக்கு," என்றார் டாக்டர். "மாத்திரை ஆரம்பிக்கலாம். திரும்பி வர வாய்ப்பு இருக்கு. வராமலும் போகலாம். எதுக்கும் நரம்புல கட்டி ஏதாவது இருக்கான்னு ஒரு ஸ்கேன் பாத்துடலாம். பயப்படாதீங்க."

கட்டி என்ற சொல்லுக்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் எந்தக் காதிலும் ஏறவில்லை.

கணவர்தான் கேட்டார். "மேடம், வண்டில நான் பாட்டு ஜாஸ்தியா வெப்பேன். அதனாலயா?"

"அப்படிச் சொல்ல முடியாது. சத்தத்தால போற காது வேற மாதிரி போகும். இதுக்குப் பல பேருக்குக் காரணமே தெரியறதில்ல."

காரணம் இருந்திருந்தால் பயத்துக்கு ஓர் எல்லையாவது இருந்திருக்கும். காரணமே இல்லாமல் போனது நாளைக்கு வலது காதிலும் போகலாம் அல்லவா?

ஸ்கேன் எடுக்கிற குழாய்க்குள் என்னைத் தள்ளினார்கள். காதில் பஞ்சு வைத்து, மேலே ஒரு மூடியும் மாட்டியிருந்தார்கள். மிஷின் இடிக்க ஆரம்பித்தது. பல்லில் தெரிந்தது, வயிற்றில் தெரிந்தது. ஒரு நேரத்தில் குழாய் சுருங்குவது போல் இருந்தது. கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அமுக்கினால் வெளியே எடுத்துவிடுவார்கள். எடுத்தால் மறுபடி முதலிலிருந்து. அமுக்காமல் பிடித்துக்கொண்டே கிடந்தேன்.

கட்டி இல்லை. அதைக் கேட்டதும் கணவர் ஆஸ்பத்திரிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு மட்டும் நிம்மதி முழுசாக வரவில்லை. காது அப்படியேதான் இருந்தது.

மாத்திரைகள் தூக்கத்தைக் கெடுத்தன. எந்நேரமும் பசித்தது. முகம் உப்பியது. கம்பெனியில் வலது பக்கம் ஆள் இருக்கிற மாதிரி பார்த்து உட்கார்ந்தேன். கூப்பிட்டும் திரும்பவில்லை என்று யாராவது கவனித்துவிட்டால் என்ன ஆகும் என்று எந்நேரமும் ஒரு உதறல். காலையில் எழுந்ததும் புது ஹெட்போனை மாட்டி, பேஸ் பாட்டைச் சின்னதாக வைத்து, இடது காதைச் சோதிப்பேன். தகரம். மறுநாளும் தகரம்.

ஒரு காலையில் கணவர் அதைப் பார்த்துவிட்டார். தலையிலிருந்து கழற்றிப் பெட்டியில் போட்டார். "வாணாம். இத்தப் போட்டுப் போட்டுப் பாத்து இன்னும் கெடுத்துக்காத." அன்று அவர் வண்டியில் ஏறியபோதுதான் கவனித்தேன், சீட்டுக்குப் பின்னால் பேஸ் பெட்டி இல்லை. திருகாணித் துளைகள் மட்டும் இருந்தன.

"டாக்டர்தான் அது இல்லன்னாங்களே?"

"இருந்துட்டுப் போகுது," என்றார்.

கம்பெனி பஸ்ஸில்தான் என் காது திரும்பி வந்தது. இடது பக்க ஜன்னலோரம் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தேன். டிரைவர் கியர் மாற்றினார். கீழேயிருந்து ஒரு உறுமல் எழுந்து வந்தது. அது கண்ணாடியின் அதிர்வு என்றுதான் முதலில் நினைத்தேன். தலையை எடுத்துவிட்டு வலது காதை மூடினேன். உறுமல் போகவில்லை. விரலை எடுத்தேன், மூடினேன், எடுத்தேன், மூடினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பக்கத்திலிருந்தவள் பதறினாள். "இன்னாச்சிக்கா?"

"பஸ் சத்தம் கேக்குதுடி."

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இரண்டாவது சோதனையில் காது பெரும்பாலும் திரும்பியிருந்தது. மிகவும் கனமான சத்தங்களில் ஒரு சின்னக் குறை மட்டும் நின்றுவிட்டது. மறுபடி வரலாம், அடைப்பு மாதிரி தெரிந்தால் அன்றைக்கே வந்துவிட வேண்டும் என்றார் டாக்டர். ஹெட்போன் போடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். சத்தம் குறைவாக, கொஞ்ச நேரம், நடுநடுவே கழற்றிவிட்டுப் போடலாம் என்றார்.

பாயிடம் போய் விஷயத்தைச் சொன்னோம். தானே பயந்தவர்போல அந்தக் கறுப்பு ஹெட்போனைத் திருப்பி வாங்கிக்கொண்டார். "பேஸ் கம்மியா இருக்கறதே குடுங்க பாய்," என்று கணவர் கேட்டபோது பாய் அவரை ஒரு தடவை உற்றுப் பார்த்தார். காதுமூடியில் சல்லடைத் துளைகள் வைத்த லேசான ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வெளிச்சத்தமும் உள்ளே வரும் என்பதால் காதை அடைக்காது. அடியில் இடி கிடையாது. ஆனால் மண்ணில் நடக்கிறானா, பலகையில் நடக்கிறானா என்று பிரித்துக் கேட்கலாம். மெத்தை துணி. அது எனக்குப் பிடித்திருந்தது.

பயம் மட்டும் போகவில்லை. சளி பிடித்தால் பயம், பஸ் மலையேறும்போது காது அடைத்தால் பயம். என் கணவர் புதிதாக ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். நான் வேலையாக இருக்கும்போது இடது பக்கமாகப் பின்னால் வந்து நின்று, மெதுவாக ஏதாவது சொல்வார். "சாம்பார்ல உப்பு இல்ல." "மழ வருது." நான் திரும்பாமலே "கேக்குது" என்பேன். அவர் போய்விடுவார். எனக்கு அது எரிச்சலாகக்கூட இருந்தது.

போன மாதம் ஒரு நாள் ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மனசு எங்கேயோ இருந்தது. அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. இரண்டாவது தடவை சொன்னதும் கேட்கவில்லை. நிமிர்ந்தபோது என் முன்னால் மண்டியிட்டிருந்தார். உதடு வறண்டு, முகத்தில் ரத்தமே இல்லை. ரிப்போர்ட்டெல்லாம் போட்டு வைத்திருந்த ஆஸ்பத்திரிப் பையை அவர் கை ஏற்கெனவே பிடித்திருந்தது.

"கேக்குதுப்பா," என்றேன். "நான்தான் கவனிக்கல. கேக்குது."

அவர் நம்பவில்லை. என் இடது காதுக்குப் பக்கத்தில் குனிந்து மிகவும் மெதுவாக ஏதோ சொன்னார். அவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்ன பிறகுதான் பையைக் கீழே வைத்தார்.