அடி குழிந்த ரொட்டி

வலது கை சுத்தியலை இறக்கியது. இடது கை தகட்டை நூலளவு திருப்பியது. மறுபடி ஓர் அடி, மறுபடி ஒரு திருப்பு. மரக்கட்டையில் குடைந்திருந்த பள்ளத்துக்குள் தகடு கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்ந்து இறங்கியது. ஒரே இடத்தில் இரண்டு அடி விழுந்தால் தகடு இளைத்துக் கிழிந்துவிடும். அதனால் அந்தக் கைகள் ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி, அவசரமில்லாமல் நடுவுக்கு வந்தன. இரண்டு விரல்கடை ஆழம் வந்ததும் சுத்தியல் நின்றது.

"ஆச்சா?" என்றார் புருஷன், கத்தரியால் அடுத்த தகட்டை வெட்டிக்கொண்டே.

"ஆச்சு. ஊரை ஏமாத்த ஒரு அச்சு ரெடி" என்றாள் தகரக்கா.

தெருவில் அவளுக்கு அந்தப் பெயர்தான். வாளி, புனல், எண்ணெய் அளக்கும் குவளை, ரொட்டி அச்சு என்று இருபத்தெட்டு வருஷமாகத் தகரத்தோடு குடித்தனம். ஆரம்பத்தில் புருஷன்தான் செய்தார். அவள் தகட்டைப் பிடித்துக்கொள்வாள். பற்றுவைக்கும் அமிலப் புகை அவர் நெஞ்சைக் கெடுத்த பிறகு சுத்தியல் கைமாறியது. யாரும் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கவில்லை. கெட்டுப்போன தகடுகளே கற்றுக் கொடுத்தன. ரொட்டி அச்சுக்குப் பற்றுவைக்கக் கூடாது, அடுப்புச் சூட்டில் ஈயம் உருகி மாவில் கலந்துவிடும், நாலு மூலையையும் மடித்துத்தான் இறுக்க வேண்டும் என்பதுகூட அவளாகக் கண்டதுதான்.

இந்த மூன்று வருஷத்தில் நாடு எந்த லட்சணத்தில் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள அவள் செய்தித்தாள் புரட்ட வேண்டியதில்லை. யார் என்ன கேட்டு வருகிறார்கள் என்று பார்த்தால் போதும். மளிகைக்கடைக்காரர் லிட்டர் குவளை கேட்ட காலம் போய், கால் லிட்டர் கேட்டார். போன மாதம் ஐம்பது மில்லி குவளை கேட்டு வந்து நின்றார். "ஐம்பது மில்லியில என்னய்யா பண்ணுவாங்க, கண்ணுக்கு மருந்து விடுவாங்களா?" என்று கேட்டாள். "சமைப்பாங்கக்கா" என்றார் அவர், சிரிக்காமல். புது வாளி வாங்க ஆளே கிடையாது. பழைய வாளிக்கு ஒட்டு. ஒட்டுக்கு மேல் ஒட்டு. வேலை என்னவோ மூன்று மடங்கு. கையில் வருவது தகடு வாங்கவே காணாது. நாணயத்தின் மதிப்பு விழுந்தபோது தகட்டு விலை ஏறியது. அடுத்த மாதம் இறக்குமதி வரி ஏறியது. அதற்கடுத்த மாதம், "மக்கள் கொஞ்சம் பொறுமை காக்க வேண்டும்" என்று நிதி மந்திரி வானொலியில் சொன்னார். அந்த மனுஷர் மூன்று வருஷமாக இதையே சொல்லிக்கொண்டிருந்தார். பொறுமையைக் கிலோ கணக்கில் விற்றால் நம் தெரு இந்நேரம் பணக்காரத் தெரு ஆகியிருக்கும் என்பார் புருஷன்.

மந்திரி பெருமையோடு சொல்லும் இன்னொரு விஷயம் உண்டு: "எங்கள் ஆட்சியில் ரொட்டி விலை ஒரு காசுகூட ஏறவில்லை."

உண்மைதான், ஏறவில்லை. ஏற்றினால் கடைக்கு சீல். மாவு விலை மூன்று மடங்கு ஆனதைக் கட்டுப்படுத்தத் துப்பில்லாத அரசாங்கம், ரொட்டி விலையை மட்டும் ஆணி அடித்து நிறுத்தி வைத்தது. அதனால் ரொட்டி இளைத்தது. முதல் வருஷம் பேக்கரிக்காரர் வந்து, "நீளத்துல ஒரு விரல்கடை குறைங்கக்கா" என்றார். நானூற்று ஐம்பது கிராம் ரொட்டி நானூறு ஆனது. அடுத்த வருஷம் அகலம் குறைந்தது. அச்சு வெட்டும் மாதிரித் தகடுகள் பட்டறைச் சுவரில் வரிசையாகத் தொங்கின, ஒன்றைவிட ஒன்று சின்னதாக. அரசாங்கம் எந்தப் புள்ளிவிவரத்திலும் எழுதாத விலையேற்றம் அந்தச் சுவரில் இருந்தது. இரண்டு தடவையும் அவள் முணுமுணுத்துக்கொண்டே வெட்டிக் கொடுத்தாள். பேக்கரி மூடினால் ஒன்பது பேர் வீட்டில் அடுப்பு அணையும். அதில் ஒருவர் அவள் மாப்பிள்ளை.

புதன்கிழமை காலை பேக்கரிக்காரர் ஒரு காகிதத்தோடு வந்தார். ரொட்டி சின்னதாகிவிட்டது என்று ஜனங்கள் கத்தியதற்கு அரசாங்கம் கண்டுபிடித்த மருந்து அது. திங்கட்கிழமை முதல் எல்லா ரொட்டியும் பழைய நீளம், பழைய அகலம் இருக்க வேண்டும். விலை அதே விலை. அதிகாரி அளவுகோலோடு வருவார், குறைந்தால் சீல்.

"எடை எவ்வளவு இருக்கணும்னு போட்டிருக்கா?"

"போடலக்கா. எடைன்னு எழுதினா மாவு விலையைப் பேசணும்ல? உயரமும் போடல. மேல பொங்குறத எப்படி அளக்குறதுன்னு விட்டுட்டாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "அதான்... அடியை உள்ளுக்குத் தட்டிக் கொடுங்க. சுத்துப்பக்கம் முழுசாத் தெரியும். நடுவுல குழி. அறுபது அச்சு வேணும். தகட்டுக்கு நான் ஏற்பாடு பண்ணிட்டேன்."

"வீட்டுக்குக் கொண்டுபோய் வெட்டினா தெரிஞ்சிடுமே, தம்பி."

"தெரியும்க்கா. ஆனா அதிகாரி வெட்டிப் பாக்க மாட்டான்."

மாதிரிக்கு ஒன்று தட்டினாள். மாப்பிள்ளை அதில் மாவு போட்டுச் சுட்டு, சாயங்காலம் வீட்டுக்கே கொண்டு வந்தார். மேசைமேல் ரொட்டி நின்ற நிற்பைப் பார்த்தால் பழைய காலம் திரும்பிவிட்டது போலத்தான் இருந்தது. மகள் வெட்டினாள். முதல் துண்டு முழுதாக விழுந்தது. மூன்றாவது துண்டிலிருந்து ஒவ்வொன்றும் வாசல் வளைவு மாதிரி, அடியில் ஒன்றுமில்லாமல் விழுந்தது.

"ரொட்டியும் நம்மளோட சேந்து பட்டினி கெடக்கு போல. வயிறு எப்படி ஒட்டியிருக்கு பாரு" என்றார் புருஷன்.

மகள் முழுத் துண்டுகளைப் பிள்ளைகள் தட்டில் வைத்தாள். வளைந்தவற்றில் இரண்டைச் சேர்த்துத் தன் புருஷனுக்கு வைத்தாள். தனக்கு ஓரத்து மேல்தோலை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அம்மா, இத நீயா செஞ்ச?"

தகரக்காவுக்குச் சுருக்கென்றது. மந்திரியை எத்தனை ஏசினாலும், பேக்கரிக்காரர் நிலைமையை எத்தனை எடுத்துச் சொன்னாலும், அந்தக் குழியைத் தட்டியது அவள் கை. சின்ன ரொட்டி சின்னதாகவாவது கண்ணில் பட்டது. இது கண்ணில் மண்ணைத் தூவும் ரொட்டி. வயிற்றில் அடிப்பவன் எங்கோ மாளிகையில் உட்கார்ந்திருக்கிறான். சுத்தியலை மட்டும் தன் கையில் கொடுத்திருக்கிறான்.

மிச்சத் துண்டுகளைத் துணியில் கட்டி மளிகைக்கடைத் தராசில் போட்டாள். தின்று தீர்ந்ததற்குக் குத்துமதிப்புப் போட அவளுக்கு மனமில்லை. மறுநாள் அதே அச்சில் இன்னொரு ரொட்டி சுடச் சொல்லி, முழுசாக நிறுத்தாள். முந்நூற்று நாற்பது கிராம்.

"எடையை நிறுத்துப் பாத்து என்ன பண்ணப் போற?" என்றார் புருஷன்.

"எழுதப் போறேன். அந்த ரொட்டியிலயே."

"எதால?"

அவள் பெட்டியைக் கிளறி ஒரு மழுங்கிய உளியை எடுத்தாள். கூரான உளி தகட்டைத் துளைத்துவிடும், மாவு ஒழுகும். மழுங்கியது தகட்டை உள்ளே பிதுக்க மட்டும் செய்யும். அச்சுக்குள் மணல் பையை வைத்துக் கவிழ்த்து, குழியின் நடுவே புள்ளி புள்ளியாக 340 என்று தட்டினாள். முத்திரைக்கட்டை நினைப்பில் எண்களைத் திருப்பிப் போட்டாள். உள்ளே ஈரக் களிமண்ணை அமுக்கி எடுத்துப் பார்த்தால், எண்கள் இடவலம் மாறிக் குழம்பிக் கிடந்தன. அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. யோசித்தாள். வெளியிலிருந்து உள்ளே தட்டுகிறோம். ரொட்டியைக் கவிழ்த்துப் பார்ப்பவனும் அதே பக்கத்திலிருந்துதான் பார்க்கிறான். திருப்ப வேண்டியதே இல்லை. நேராகத் தட்டினால் நேராக விழும். அடுத்த அச்சில் விழுந்தது.

மகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, அவரு இத வாங்க மாட்டேன்னுட்டா? திங்கக்கிழமை கடைக்கு சீல் விழுந்தா இவரு வேலை போயிடும். அதையும் யோசிச்சியா?"

"யோசிச்சேன்டி. நேத்துலருந்து அதத்தான் யோசிக்கிறேன்."

"அப்புறம்?"

"அப்புறமும் தட்டுறேன்."

மகள் உள்ளே வந்து, மணல் பையை அடுத்த அச்சுக்குள் திணித்துக் கொடுத்தாள்.

ஞாயிறு சாயங்காலம் பேக்கரிக்காரர் மூன்று சக்கர வண்டியோடு வந்தார். அச்சுகள் பத்துப் பத்தாகக் கட்டி ஆறு கட்டுகளாக இருந்தன. ஒன்றை உருவி நீளம் பார்த்தார், அகலம் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு கவிழ்த்தார்.

"என்னக்கா இது, முந்நூத்தி நாப்பது?"

"ரொட்டியோட எடை."

"ரொட்டியிலயே பதியுமே!"

"பதியட்டும்னுதான தட்டியிருக்கேன்."

பேக்கரிக்காரர் கவிழ்த்துப் போட்டிருந்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டார். "என் தலையில கல்லைப் போட்டுட்டீங்களே! சீல் வச்சிருவாங்கக்கா."

"எதுக்கு வைப்பாங்க? நீளம் சரி, அகலம் சரி, விலை சரி. எடையை ரொட்டியில போடக் கூடாதுன்னு அந்தக் காகிதத்துல எங்க இருக்கு? காட்டுங்க."

அவர் காகிதத்தை எடுத்தார். பிரிக்காமலே மடியில் வைத்துக்கொண்டார். எங்கும் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

"ஜனங்க என்னைத்தான் திட்டுவாங்க."

"இப்ப மட்டும் மாலை போடுறாங்களா? திருடன்னுதான் சொல்றாங்க. என் காதுல விழுது. குழியை மறைச்சு வித்தீங்கன்னா அவங்க சொல்றது நிஜமாயிடும். எடையைச் சொல்லி வித்தா, மிச்ச நூத்திப் பத்து கிராம் எங்க போச்சுன்னு அவங்களே கேப்பாங்க. மாவு என்ன விலைன்னு சொல்லுங்க. அதுக்கு மேல யாரைக் கேக்கணும்னு அவங்களுக்குத் தெரியாதா? மூணு வருஷமா ஒரு காசு ஏறலன்னு ஒருத்தன் வானொலியில கத்துறான். நீங்களும் நானும் அவன் பொய்க்கு அச்சுப் போட்டுக் குடுத்துக்கிட்டே இருக்கோம். என்னால இனிமே முடியாது."

"எண் இல்லாம அறுபது வேணும்னு நான் சொன்னா?"

"வேற ஆளைப் பாருங்க, தம்பி. என் மாப்பிள்ளை உங்ககிட்டதான் வேலை பாக்குறாரு. தெரிஞ்சுதான் சொல்றேன்."

புருஷன் கத்தரியைக் கீழே வைத்தார். உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. பேக்கரிக்காரர் அச்சுக்குள் கைவிட்டு, மேடான புள்ளிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவினார். முகம் மெல்லச் சிவந்தது. அந்தக் கோபம் அவள்மேல் இல்லை.

"மாவு கேட்டுப் போனா, அதிகாரி தன் மாமன் நடத்துற கிடங்குக்குப் போன்னு அனுப்புறான். அங்க ரெட்டை விலை. அப்புறம் அதே அதிகாரி என் கடைக்கு வந்து அளவுகோலை நீட்டுறான்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "நாலுல இன்னும் ரெண்டு புள்ளி ஆழமா விழுந்திருக்கலாம்க்கா. மாவு பொங்கினா மங்கிடாது?"

"மங்காது. களிமண்ணுல பாத்தாச்சு."

"சரி, ஏத்துங்க. வர்றது வரட்டும்."

அவர் எழுந்து வண்டிப் பலகையைத் துடைத்தார். புருஷன் இரண்டு கட்டுகளை இழுத்துக்கொண்டு போய் வைத்தார். மகள் வெளியே வந்து மூன்றைத் தூக்கிக் கொடுத்தாள். கடைசிக் கட்டின் கயிற்றைத் தகரக்கா இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள், முடிச்சை இறுக்கினாள், இரண்டு கையாலும் தூக்கிப் பேக்கரிக்காரர் கையில் கொடுத்தாள்.